மூங்கில் துணியும் அரிக்கேன் விளக்கும்

எனக்குப் பாலியஸ்டர் ஒத்துக்கொள்வதில்லை. கடலூர்க் காற்றில் உப்பு ஜாஸ்தி. பாலியஸ்டர் சட்டை போட்ட அன்று கழுத்தைச் சுற்றி அரித்து எடுத்துவிடும். அதனால் சின்ன வயதிலிருந்தே பருத்திதான். ஏழு வருஷம் மூங்கில் துணிக் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தேன். ஒரு மூங்கில் சட்டைகூட என் உடம்பில் ஏறியதில்லை. நீ அனுப்பிய கேள்வித்தாளில் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சத்யப்பிரியா. கேட்டிருக்கலாம்.

கேள்வித்தாள் போன வாரம் மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் தபாலில் வந்தது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, இறுதியாண்டு, சிதம்பரம். ஆய்வுத் தலைப்பு, 'சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று விற்கப்படும் துணிகள் உண்மையில் அப்படிப்பட்டவையா?' மிக நல்ல தலைப்பு. இருபது கேள்விகளை அழகாக டைப் அடித்திருந்தாய். அவற்றின் கீழே பேனாவால் இன்னொரு கேள்வி எழுதியிருந்தாய். 'மேனேஜர் சார், எங்கப்பாகிட்ட அரிக்கேன் விளக்கைக் குடுத்தீங்களே, அது அணையாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?'

உன் அப்பா கோவிந்தசாமி எங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. விசாரணைக்கு வந்த எந்த அதிகாரியும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நானும் யோசித்துப் பார்த்ததுண்டு. உனக்கு உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வரிசையாகத்தான் வருவேன். ஒழுங்காக வேலை பார்த்துப் பழகியவன்.

மூலப்பொருள் என்ன என்று கேட்கிறாய். மூங்கில். எங்கள் முதலாளி சேரன் 2004இல் கம்பெனி தொடங்கியபோது முதலில் செய்த வேலை லேபிள் அச்சடித்ததுதான். பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்த அட்டையில், 'ஒரு மூங்கில், ஒரு மழலை, ஒரு பூமி' என்று பச்சை மையில் போட்டோம். துணி எங்கிருந்து வரும் என்பது அதற்கு அப்புறம்தான் முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் நூல் வந்தது. அங்கே மூங்கிலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கார்பன் டைசல்பைடில் கரைத்து, கஞ்சியாக்கி, பிறகு நூலாக இழுப்பார்கள். அந்தக் கஞ்சியில் மூங்கிலும் ஒன்றுதான், யூகலிப்டஸும் ஒன்றுதான். அது மூங்கிலாக இருந்ததற்கு ஒரே சாட்சி எங்கள் லேபிள். கார்பன் டைசல்பைடு பக்கத்தில் வருஷக்கணக்காக வேலை பார்ப்பவர்களுக்குக் கை நடுங்கும், புத்தி தடுமாறும் என்று நீ படித்திருப்பாய். பாவம்தான். ஆனால் அவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். எங்களுடைய பசுமை எங்கள் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடும்.

சாயம் பற்றி ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறாய். எங்களிடம் இரண்டு ஷெட் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்குச் சோறு கொண்டு வரும்போது பார்த்திருப்பாய். முன் ஷெட்டில் ஒரு பெரிய செப்பு அண்டா. வெளிநாட்டு வியாபாரிகள் வரும் நாளில் அதில் கடுக்காயும் மஞ்சளும் கொதிக்கும். நாலு பெண்கள் கைத்தறிப் புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு துடுப்பால் கிளறுவார்கள். நான் ஒரு டம்ளர் மொண்டு, வந்தவர்கள் முன்னாலேயே குடிப்பேன். கடுக்காய்க் கஷாயம், வயிற்றுக்கு நல்லது. அவர்கள் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். சாயத்தையே குடிக்கிற மேனேஜர் என்று ஒரு பத்திரிகையில்கூட வந்தது. அந்த அண்டாவில் ஏழு வருஷத்தில் முக்கி எடுத்த துணி மொத்தம் இருபது மீட்டர் இருக்கும். அதுவும் அந்த நாலு பேரின் கை துடைக்கத்தான் பயன்பட்டது.

நிஜச் சாயம் பின் ஷெட்டில். சல்பர் டை. மண் நிறம், மரப்பட்டை நிறம், காய்ந்த இலை நிறம் என்று இயற்கையின் எல்லா நிறமும் சல்பர் டையில் மலிவாகக் கிடைக்கும். இயற்கையால் அவ்வளவு இயற்கையாக நிறம் போட முடியாது. அதைக் கரைக்க சோடியம் சல்பைடு வேண்டும். அந்தத் தண்ணீர் முழுக்கப் பின்னால் இருந்த தொட்டிக்குப் போகும்.

தொட்டியிலிருந்து எங்கே போயிற்று என்பது உன் பன்னிரண்டாவது கேள்வி. அப்போது ஊரெங்கும் மழைநீர் சேகரிப்புக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கமே வீடு வீடாகச் சொன்னது. நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். தொட்டியின் அடியிலிருந்து பக்கத்தில் வறண்டு கிடந்த பழைய போர்வெல்லுக்கு ஒரு குழாய் போடச் சொன்னேன். அதை இறக்கியது உன் அப்பா. கிணறு வெட்டும் குடும்பம், மண்ணுக்குள் வேலை என்றால் அவர் கை தனி. 'மழைத்தண்ணி பூமிக்குள்ள போறது நல்ல காரியம் சார்' என்று சந்தோஷமாகச் செய்தார். மழைக்காலம் வர இன்னும் பல மாதம் இருந்தது. குழாயில் மட்டும் தினமும் தண்ணீர் இறங்கியது.

சரியாக ஒன்றரை வருஷம். 2006 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை உன் அப்பா ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். மேஜைமேல் வைத்தார். உள்ளே டீ டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர்.

'எங்க ஊட்டுப் பம்புல அடிச்சது சார். எங்க தெருவுல எல்லாப் பம்புலயும் இப்புடித்தான் வருது. எதுத்த ஊட்டு இருசம்மாவுக்குக் கையெல்லாம் தோலு உரியுது.'

'இரும்புச் சத்தா இருக்கும்யா' என்றேன்.

'இரும்பு எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா சார்? இது நம்ம பின் ஷெட்டு கலரு. அந்தப் பைப்பு என் கையால எறக்குனது. மழத்தண்ணின்னு சொன்னீங்க.'

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போடுகிற ஆளைச் சமாளிக்க எனக்கு நாலு வழி தெரியும்.

'வெள்ளிக்கெழம ஒரு அம்மா வர்றாங்களாமே, கம்பெனியப் பாக்க. அவுங்க கேட்டா நான் உள்ளதச் சொல்லிடுவேன் சார். உங்களக் காட்டிக் குடுக்கணும்னு இல்ல. அதுக்குள்ள பைப்ப எடுத்துட்டீங்கன்னா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?'

பார்த்தாயா, எவ்வளவு நியாயமான கோரிக்கை. கம்பெனிகளை மூடவைப்பது நியாயமான கோரிக்கைகள்தான். குழாயை எடுத்தால் தண்ணீர் எங்கே போகும்? சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரித்தால் எங்கள் மரப்பட்டை நிறம் பக்கத்து ஊர்க் கம்பெனியின் மரப்பட்டை நிறத்தைவிட விலை கூடிப்போகும். பூமியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வரவிருந்த அம்மாள் பெயர் ரேகா. எங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்தின் புது ஆய்வாளர். அதற்கு முன் வந்தவர் முந்திரிப் பக்கோடா சாப்பிட்டுவிட்டு, அண்டாவைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இந்த அம்மாள் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். தொட்டித் தண்ணீரில் மாதிரி எடுப்பேன், தொழிலாளர்களிடம் மேனேஜர் இல்லாமல் தனியாகப் பேசுவேன் என்று. சான்றிதழ் போனால் கம்பெனி போயிற்று. நூற்றிருபது குடும்பம். இந்த நூற்றிருபது குடும்பத்தை நான் அந்த வாரம் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். ஒரு காரியத்தைச் செய்யத் தீர்மானித்த பிறகு பெரிய காரணங்கள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

முதலாளி சேரனிடம் போனில் சொன்னேன். 'அந்தாள எப்படியாவது சமாதானப்படுத்துங்க ஜெயப்பிரகாஷ்' என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவரை இதில் இழுக்காதே. மற்றதெல்லாம் என் வேலை, என் படிப்பு.

ஆமாம், படிப்பு. நீ இப்போது படிக்கும் சிதம்பரத்தில்தான் நானும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன். லேபின் மூலையில் வாயு தயாரிக்கும் கிப்ஸ் அப்பாரட்டஸ் இருக்கும். இப்போதும் இருக்கிறதா தெரியவில்லை. சல்பைடின்மேல் அமிலம் விழுந்தால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் அடிக்கடி சொல்வார், 'நாறுற வரைக்கும் நில்லு, நாத்தம் நின்னுபோச்சுன்னா ஓடு' என்று. அளவு மீறினால் முதலில் சாவது மூக்கு.

தொட்டித் தண்ணீரில் காரம் அதிகம். அந்த அம்மாள் மாதிரி எடுத்தால் பி.எச். பதினொன்றில் நிற்கும், ஒன்பதுக்குள் வர வேண்டும். அதற்குப் புதன்கிழமை தொட்டியில் அமிலம் ஊற்றச் சொன்னேன். இது எல்லாக் கம்பெனியும் ஆய்வுக்கு முன்பு செய்வதுதான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வழக்கத்தைவிட நாலு கேன் கூடுதலாக ஊற்றச் சொன்னேன் என்பது மட்டும்தான் புதிது. பிறகு மேல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, முழங்கால் அளவு சேற்றை அடியில் விட்டுவைத்து, தார்ப்பாய் போட்டு வாயை மூடினோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவருடைய மச்சான் பழனிவேலும் கூட வந்தான், உன் தாய்மாமன்.

'கோவிந்தசாமி, நீ சொன்னத யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. பைப்ப எடுத்துடு. உன் கையால போட்டது, உன் கையாலயே கழட்டிடு' என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவரைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை. ஆனால் அது கொஞ்ச நேரம்தான்.

குழாயின் வாய் தொட்டியின் அடியில் இருந்தது. கழற்ற வேண்டுமென்றால் இறங்கத்தான் வேண்டும். தார்ப்பாயை விலக்கினார்கள். நாற்றம் குப்பென்று வந்தது. உன் அப்பா இரண்டடி பின்வாங்கி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். நான் டார்ச் லைட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

'டார்ச்சு வேணாம் சார். அரிக்கேன் ஒண்ணு கெடைக்குமா? எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். எத்தன கெணறு தோண்டியிருந்தாலும் வெளக்கு எறங்காம நான் எறங்குனதில்ல.'

கிணற்று வேலைக்காரர்கள் எல்லோரும் செய்வது இது. நல்ல வழக்கம். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் கீழே காற்று கெட்டிருக்கிறது, இறங்கக் கூடாது. அணையாவிட்டால் இறங்கலாம். பாழுங்கிணற்றில் கரியமில வாயு தேங்கியிருக்கும். அங்கே விளக்கு உண்மையைச் சொல்லிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு அப்படிப்பட்டதில்லை. ஆளைக் கொல்ல அது ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். பாக்கியெல்லாம் நல்ல காற்று. விளக்கு அதில் சுகமாக எரியும்.

கம்பெனியில் அரிக்கேன் இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நானே கொண்டு வந்தேன். போக வர அரை மணி நேரம். வழியில் திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். சொல்லியிருக்கலாம். வண்டியை யாரும் வழிமறிக்கவில்லை.

நான் வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் தொட்டி வாயிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விளக்கை ஏற்றிக் கொடுத்தேன். உன் அப்பா கயிற்றில் கட்டி, அவசரப்படாமல், முழம் முழமாக இறக்கினார். அடிவரைக்கும் போயிற்று. சுடர் நிமிர்ந்து நின்றது. நான் காற்று வரும் பக்கமாக, பத்தடி தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்.

'நல்லா எரியுது சார்' என்றார்.

'மாமா, அப்ப அந்த நாத்தம் நாறுச்சே, இப்ப வாடையே இல்ல பாரு' என்றான் பழனிவேல்.

'தார்ப்பாய் எடுத்தாச்சில்ல, காத்தாடிடுச்சு' என்றேன் நான்.

உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். இரும்புப் படி பன்னிரண்டு. ஏழாவது படியில் கை விட்டது. சத்தம் எதுவும் இல்லை. களைத்துப்போனவர் சேற்றில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அவர் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பழனிவேல் 'மாமா' என்று கத்திக்கொண்டு படியில் காலை வைத்தான். நான் ஓடிப்போய் அவன் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். 'மூச்ச இழுக்காத, எறங்காத, எறங்குனா நீயும் போயிடுவ' என்று சொல்லிக்கொண்டே இருபதடி இழுத்துக்கொண்டு போனேன். என் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் தெறித்துவிட்டன. தீயணைப்பு வண்டி கடலூரிலிருந்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏன் அவனைக் காப்பாற்றினேன் என்று கேட்பாய். ஓர் ஆள் இறந்தால் விபத்து. இரண்டு பேர் இறந்தால் கலெக்டர் வருவார். ஏழு வருஷமாக உன் மாமன் தீபாவளிக்குத் தீபாவளி இனிப்பு டப்பாவோடு வந்து, 'நீங்க இல்லன்னா நான் இல்ல சார்' என்று காலைத் தொட்டுவிட்டுப் போவான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இந்த வருஷம் வரவில்லை. உன் கேள்வி வந்த பிறகுதான் காரணம் புரிந்தது.

வெள்ளிக்கிழமை ரேகா அம்மாள் வந்தார். தொட்டியைப் போலீஸ் சீல் வைத்துவிட்டதால் மாதிரி எடுக்க முடியவில்லை. துக்கத்தில் இருக்கும் தொழிலாளர்களிடம் கேள்வி கேட்பது நாகரிகமில்லை என்று அவரே விட்டுவிட்டார். முன் ஷெட்டில் எல்லோரும் இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு நிர்வாகம் உடனடியாகக் கைகொடுத்ததைப் பாராட்டி ஒரு பத்தியும் இருந்தது. அரசாங்க விசாரணையில், விளக்கு இறக்கிச் சோதித்த பிறகே தொழிலாளி இறங்கினார், வாயுவின் தன்மை பற்றிய அறியாமையால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். மேனேஜர் என்ன படித்திருக்கிறார் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. வளாகத்தில் மழைநீர் சேகரிப்புக் குழாய் உள்ளது என்றும் குறித்திருந்தார்கள்.

பிறகு உன்னைப் படிக்கவைத்தோம். எங்கள் விளம்பரக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் உன் படம் வந்தது. மூங்கில் துணிச் சுடிதாரில், பச்சை நிறத்தில், சிரிக்காமல் நிற்பாய். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்பில் சேர்க்கலாம் என்று உன் அம்மா என்னிடம்தான் வந்து கேட்டார்கள். கெமிஸ்ட்ரி இருக்கிற குரூப்பாகச் சேருங்கள், நல்ல எதிர்காலம் என்றேன். அந்தப் பரிந்துரையை மட்டும் நான் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கலாம்.

ஏனென்றால், உன் மாமன் ஏழு வருஷமாக ஊரெல்லாம் சொன்ன, நான் அவனைக் காப்பாற்றிய கதையில் யாரும் தப்புக் காணவில்லை. நீ மட்டும்தான் ஒரு பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். மூச்சை இழுக்காதே என்று பழனிவேலிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு, பத்து நிமிஷம் முன்னால் கோவிந்தசாமியிடமும் அதைச் சொல்லத் தெரிந்திருக்கும். நான் செய்த ஒரே ஒரு நல்ல காரியம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இதிலிருந்து என்ன பாடம் கற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2011 கடைசியில் வந்த தானே புயலில் பின் ஷெட்டின் கூரை பறந்ததோடு கம்பெனியும் மூடியாயிற்று. முதலாளி வேறு ஊரில் வாழைநார்த் துணி தொடங்கியிருக்கிறார், லேபிள் தயாராகிவிட்டதாம். உங்கள் தெருவில் இப்போதும் லாரியில்தான் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டேன். அந்த போர் ஆழமானது. அதில் இறங்கியது முழுக்க மேலே வர இன்னும் பல வருஷம் ஆகும். நான் இருக்க மாட்டேன்.

உன் இருபது கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள், என் பெயரையும் போடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நீ கடலூர் ஸ்டேஷனில் கொடுப்பாய் என்று தெரியும். கொடு. அவர்கள் வரும்வரை வீட்டில்தான் இருப்பேன்.

இனி, நீ பேனாவால் எழுதியது. தெரியும். விளக்கு அணையாது என்று அப்போதே தெரியும். விளக்கு எரிந்தால் மட்டும்தான் உன் அப்பா இறங்குவார் என்பதும் தெரியும். அதனால்தான் வீட்டில் வைத்தே கண்ணாடியைத் துடைத்து, புதுத் திரி போட்டு, மண்ணெண்ணெய் நிறைய ஊற்றி எடுத்து வந்தேன். மற்றபடி, அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.